கரண்ட் பிடித்த இடத்து எலும்பு பலம் குறையுமா? அம்மாவின் நாரி நோவைப் பற்றிக் கேட்கிறேன்

இரணைமடுக்காரி (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது. மூன்று வருடத்துக்கு முன் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் வந்து 25 நாள் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடித்தார்கள். பிறகு உள்ளே வைத்தும் சில தடவை கொடுத்தார்கள். சுகமாகி வந்து பழையபடி கோழி, கத்தரிப் பாத்தி என்று வேலை செய்துகொண்டிருந்தார். கிளினிக்குக்கும் ஒழுங்காகப் போனோம்.

போன மாதம் கிணற்றடியில் வாளியைத் தூக்கிக் கட்டில் வைத்தார். விழவில்லை, சறுக்கவும் இல்லை. வாளியை வைத்த கையோடு "பிள்ளை, நாரிக்குள்ளே ஏதோ விட்டுப்போச்சு" என்றார். அன்றிலிருந்து எழும்பி நின்றால் நோ. படுத்தால் நோ குறைகிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். முறிவு இல்லை, வயசுதான் என்று பனடோல் தந்து அனுப்பினார்கள்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு கதை. மாமா, புற்றுநோய் எலும்புக்கு வந்துவிட்டது என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சாப்பிடுவதே இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி, இது நாரிப்பிடிப்பு, முறிவு நெரிவுப் பரியாரியிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்டேன். 2009இல் யுத்தத்தில் பட்ட செல் (எறிகணை) இரும்புத் துண்டு ஒன்று அம்மாவின் வலது இடுப்பில் இன்னும் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம் என்பதால் யோசிக்க வேண்டும் என்றார்கள்.

நான் கேட்பது இதுதான். கரண்ட் பிடித்தால் எலும்பு பலம் குறையுமா? அந்த 25 நாளில் யாருமே எங்களுக்கு எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

---

மாங்குளம் ஓட்டோ

தங்கச்சி, எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் உருவ மட்டும் கொண்டு போகாதீர்கள். காரணம் தெரியாத நோவுக்கு உருவி, நடந்து போன ஆளைத் தூக்கிக்கொண்டு வந்ததை என் ஓட்டோவிலேயே பார்த்திருக்கிறேன். தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறார், வருவார். அதுவரை பொறுங்கள்.

---

கதிர்ப்படம் (வவுனியா)

வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். எக்ஸ்ரே அறையில் பல வருடமாக வேலை செய்கிறேன். டொக்டர் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பதில்: குறையும். ஆனால் கரண்ட் பிடித்த அந்த இடத்து எலும்பு மட்டும். உங்கள் அம்மாவின் கதையில் இரண்டு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தின. விழாமலே வந்த நோ. நின்றால் கூடி, படுத்தால் குறைகிற நோ. இந்த மாதிரிக்குப் புற்றுநோய் திரும்புவதைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. கரண்ட் பட்ட இடுப்பெலும்பில், முக்கியமாக முதுகெலும்பின் அடியில் இருக்கிற முக்கோண எலும்பில் (திருவென்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்), மயிரிழை போல வெடிப்பு வரும். சாதாரண எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது. அந்த எலும்புக்கு முன்னால் குடலும் காற்றும் கிடந்து மறைத்துவிடும். எத்தனையோ படம் எடுத்த கை இது, நம்புங்கள். "எக்ஸ்ரேயில் முறிவு இல்லை" என்றால் எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதுதான் அர்த்தம்.

ஏன் பலம் குறைகிறது? எலும்பைக் கல் மாதிரி நினைக்கக் கூடாது. அது நாளும் பொழுதும் வேலை நடக்கிற இடம். ஒரு வகைக் கலம் பழைய எலும்பைத் தின்றுகொண்டே போகும், இன்னொரு வகைக் கலம் பின்னாலேயே வந்து புதிதாகக் கட்டும். வளர்ந்த ஒருவரின் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வருடா வருடம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. கரண்ட் பிடிக்கும்போது கட்டுகிற கலங்கள்தான் பெரிதாக அடிபடும். தின்கிற கலங்களோ முதல் கொஞ்சக் காலம் இன்னும் மும்முரமாகும். எலும்புக்குள் போகிற சிறு இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்ல ஒடுங்கும். எலும்புக்குள் இரத்தம் உண்டாகிற சிவப்பு மச்சை கொழுப்பாக மாறும். நாம் நடக்கும்போது எல்லோருக்கும் எலும்பில் நுண்ணிய வெடிப்புகள் வரத்தான் செய்யும், உடம்பு அதை அன்றாடம் திருத்திவிடும். கரண்ட் பட்ட இடத்தில் அந்தத் திருத்த வேலைக்கு ஆள் போதாது. அதனால்தான் அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், மாதக் கணக்கில், வருடக் கணக்கில் கழித்து ஒரு வாளித் தண்ணீரில் வந்து நிற்கிறது.

இன்னொன்று. எலும்பில் சுண்ணாம்புச் சத்து கடினத்தைத் தருகிறது. அதற்குள் ஓடுகிற கொலாஜன் நார்தான் வளைந்து கொடுக்கிற குணத்தைத் தருகிறது. கதிர் அந்த நாரையும் கெடுக்கிறது. கிளுவைத் தடியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தடி வளையும், காய்ந்தது படக்கென்று முறியும். பார்வைக்கு இரண்டும் ஒரே பருமன். எலும்பின் அடர்த்தியை அளக்கிற ஸ்கேன் பருமனை அளக்கும், பச்சையா காய்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

அதனால் தங்கச்சி, புற்றுநோய்க் கிளினிக்குக்கே போங்கள், அடுத்த திகதி வரும்வரை காத்திராதீர்கள். "விழவில்லை, நின்றால் நோ, கரண்ட் பிடித்த இடம், செல் துண்டு இருக்கிறது" என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எம்.ஆர்.ஐ. முடியாவிட்டால் சி.டி. இருக்கிறது. எலும்பு ஸ்கேன் என்ற ஒன்றும் இருக்கிறது (அடர்த்தி அளக்கிறது அல்ல, இது வேறு). இந்த வெடிப்பு இரண்டு பக்கமும் வந்து குறுக்காகவும் ஓடினால் அந்த ஸ்கேனில் ஆங்கில எச் எழுத்து மாதிரித் தெரியும். மாமா சொல்வது முற்றிலும் பிழை என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, அதையும் படத்தில்தான் பார்க்க வேண்டும். ஆனால் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னது பிழை.

---

கொக்கிளாய்க் கரை

அண்ணை, இதைப் படித்த பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது. என் உடம்பில் நான்கு துண்டு. 2009இலிருந்து எத்தனை எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள் என்று கணக்கே இல்லை, முப்பதுக்கு மேலே வரும். என் எலும்பும் காய்ந்த தடியா? துண்டுக்குள் கதிர் தங்கி இருக்குமா?

அதோடு எங்கள் கரைக்குத் தெற்கே புல்மோட்டையில் இல்மனைட் மண் எடுக்கிறார்கள். அந்தக் கறுப்பு மண்ணில் கதிரியக்கம் இருக்கிறதாமே. சின்ன வயதிலிருந்து அந்த மணலில் விளையாடி, அதே மணலில் வலை காயப்போட்டு வளர்ந்தவன் நான்.

---

கதிர்ப்படம் (வவுனியா)

தம்பி, இல்லை. அளவுதான் இங்கே எல்லாம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது ஏறத்தாழ 0.1 மில்லிசீவேர்ட், அதற்கும் குறைவாக இருக்கலாம். பூமியிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் மனிதருக்கு இயற்கையாகவே வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவேர்ட் வருகிறது. இடுப்பு சி.டி. என்றால் பத்தை ஒட்டி வரலாம். அந்தத் தங்கச்சியின் அம்மாவுக்கு இடுப்புக்குள் போனது வேறு வகைக் கணக்கு. வழக்கமாக ஒரு நாளைக்கு 1.8 அல்லது 2 கிரே, 25 நாளில் 45 முதல் 50 கிரே. ஒரு கிரே என்றால் ஆயிரம் மில்லிகிரே, எக்ஸ்ரேக்கு ஒரு மில்லிகிரேயை ஏறத்தாழ ஒரு மில்லிசீவேர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் முப்பது எக்ஸ்ரேயையும் சேர்த்தாலும் அதில் ஒரு நாள் அளவைக் கூட எட்டாது. அந்த அளவில் எலும்பு பலம் இழப்பதில்லை. தேவையில்லாமல் சி.டி. எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் வேறு, பிற்காலப் புற்றுநோய்க்கான சிறிய வாய்ப்பு.

துண்டுக்குள் கதிர் தங்காது. எக்ஸ்ரே விளக்கு வெளிச்சம் மாதிரி, சுவிட்சை நிறுத்தினால் முடிந்தது. உடம்பிலும் இரும்பிலும் எதுவும் மிஞ்சாது.

மண்ணைப் பற்றி: உண்மைதான், புல்மோட்டை மண்ணில் இல்மனைட், உரூட்டைல், சேர்க்கோனோடு மொனசைட்டும் இருக்கிறது. மொனசைட்டில் கதிர் வீசுகிற தோரியம் இருப்பதால் அந்தக் கரையில் இயற்கைக் கதிர் கொஞ்சம் கூட. கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கரையிலும் இதே மண், அங்கே அளவு இன்னும் கூட. அங்குள்ள சனத்தைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த மண்ணின் கதிரால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. வலையைக் காயப்போடுங்கள் தம்பி. மண்ணைப் புடைக்கிற, அரைக்கிற வேலைக்குப் போனால் மட்டும் தூசி உள்ளே போகாமல் முகமூடி போடுங்கள்.

---

ரொறன்ரோ தாதி

"உள்ளே போகாமல்" என்று அண்ணை சொன்னதை ஒரு கதையோடு சொல்ல வேண்டும் போல இருக்கிறது. 1917ஐ ஒட்டி அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் மணிக்கூட்டு முகத்துக்கு இருட்டில் ஒளிரும் மை பூசுகிற வேலைக்கு இளம் பெண்களை எடுத்தார்கள். மையில் ரேடியம். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தடவை உதடு. உடம்புக்கு ரேடியமும் கல்சியமும் ஒன்று போலத் தெரியும், அதனால் அதைக் கொண்டுபோய் எலும்புக்குள் வைத்துவிடும். பல் கழன்றது, கழன்ற இடம் ஆறவில்லை, தாடை எலும்பு துண்டு துண்டாக வந்தது. 1924இல் தியடோர் புளும் என்ற பல் மருத்துவர் அதை ரேடியம் தாடை என்று எழுதி வைத்தார். ரேடியத்தின் அரை வாழ்வு 1,600 வருடம். அந்தப் பிள்ளைகளின் எலும்பு இன்றைக்கும் மண்ணுக்குள் கதிர் வீசிக்கொண்டுதான் கிடக்கிறது. இருபது வயதுப் பிள்ளைகள். படித்தபோது எனக்கு இரவு நித்திரை வரவில்லை.

இரணைமடுத் தங்கச்சிக்கு: இங்கே நாங்கள் பார்க்கிற நோயாளர்களிலும் அம்மாவைப் போல நிறையப் பேர். 2005இல் பக்கத்து நாடான அமெரிக்காவில் 65ஐத் தாண்டிய, இடுப்புப் பகுதிப் புற்றுநோய் வந்த 6,428 பெண்களைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. கருப்பைக் கழுத்துக்குக் கதிர் எடுத்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் இடுப்பெலும்பு முறிந்தவர்கள் 100க்கு 8.2, எடுக்காதவர்களில் 5.9. எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் அபூர்வமும் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயம் என்கிறேன். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று படித்தபோது மனம் கொதித்தது.

மாதவிடாய் நிற்காத வயதில் இந்தச் சிகிச்சை எடுக்கிற பெண்களுக்கு இன்னொரு அடியும் உண்டு. சூலகம் செயலிழந்து நாற்பது வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடும். எலும்பைக் காக்கிற ஈஸ்ட்ரஜன் அதோடு போய்விடும். அப்படி யாராவது இதைப் படித்தால் கிளினிக்கில் வாய் திறந்து கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

---

விசுவமடு மகன்

நானும் எழுதுகிறேன். அப்பாவுக்கு வாயில் புற்றுநோய். ஐம்பது வருட வெற்றிலை, பாக்கு, புகையிலை. ஆறு கிழமைக்கு மேலே கரண்ட் பிடித்துச் சுகம் வந்தது. வாய் மட்டும் எப்போதும் காய்ந்தே இருக்கும், தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் சோறு இறங்காது. இரண்டு வருடம் கழித்துக் கீழ்க் கடைவாய்ப்பல் வலித்தது. நான்தான் கொண்டுபோய்ப் பிடுங்குவித்தேன். கரண்ட் பிடித்ததை நாங்கள் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

அந்தக் குழி ஆறவே இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். நாக்கால் தொட்டால் கல்லு மாதிரி இருக்கிறது என்பார் அப்பா. டோர்ச் அடித்துப் பார்த்தேன். முரசுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் வெறும் எலும்பு. பிறகு ஒரு நாள் முறுக்குக் கடிக்கும்போது தாடையே முறிந்துவிட்டது. வேறு இடத்தில் பெரிய சத்திரசிகிச்சை செய்தார்கள். இப்போது கஞ்சிதான்.

அந்தப் பல்லை நான் கொண்டுபோய்ப் பிடுங்குவித்தேன் என்பது எனக்கு ஆறவில்லை.

---

ரொறன்ரோ தாதி

தம்பி, உங்களில் பிழை இல்லை. தெரியாமல் செய்தது. அப்பாவைச் சாப்பிட வைத்தவரும் நீங்கள்தானே.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் சனத்தில் வாய்ப் புற்றுநோய் அவ்வளவு கூட. பாக்கு தனியாகவே புற்றுநோயைத் தரும் என்று 2004இலேயே உலக அளவில் உறுதி செய்துவிட்டார்கள், புகையிலை சேராவிட்டாலும். வாய்க்கும் தொண்டைக்கும் கொடுக்கிற கதிர் பெரும்பாலும் 60 கிரேக்கு மேலே. மேல் தாடையை விடக் கீழ்த் தாடைக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதனால் கீழ்த் தாடைதான் கூடப் பாதிக்கப்படும். பிடுங்க வேண்டிய பற்களைக் கரண்ட் தொடங்க இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே பிடுங்கிக் குழியை ஆறவிட வேண்டும். தொடங்கின பிறகு, அது பத்து வருடம் கழித்தாக இருந்தாலும், பல்லில் கை வைக்க முதல் "இந்தத் தாடையில் கரண்ட் பிடித்திருக்கிறது" என்று பல் வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும். பிடுங்காமல் வேரை மட்டும் துப்புரவாக்கிப் பல்லைக் காப்பாற்ற வழி இருக்கும். எச்சில் வற்றுவதால் பல் விரைவாகச் சூத்தையாகும், அதனால் தினமும் புளோரைட்டுப் பூச்சு தேவைப்படும்.

---

செட்டிகுளம் ஆசிரியர்

புளோரைட்டு என்றதும் ஒரு சந்தேகம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லில் மண்ணிறக் கறை இருப்பது கிணற்றுத் தண்ணீரில் புளோரைட்டு கூடியதால் என்கிறார்கள். அங்கே நஞ்சு, இங்கே மருந்தா?

---

கதிர்ப்படம் (வவுனியா)

இரண்டும் உண்மை ஐயா. பல்லின் மேலே பூசுவது வேறு, வருடக் கணக்கில் குடிப்பது வேறு. குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் வவுனியாவில் இருக்கின்றன. முதலில் பல்லில் தெரியும், மிகவும் கூடினால் எலும்பிலும் ஏறும். ஏறினால் எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று அடர்த்தியாகத் தெரியும், பார்த்தால் நல்ல உறுதி என்றே தோன்றும். ஆனால் நொறுங்குகிற எலும்பு அது. நான் மேலே சொன்ன தடிக் கதைதான் இதுவும். பிள்ளைகளுக்கு ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர் கொடுங்கள்.

---

வெல்டிங் பாலன்

எல்லாம் படித்தேன். ஒரு கேள்வி. என் அத்தைக்கு மார்பில் வந்த புற்றுநோய் தொடை எலும்புக்குப் போய்விட்டது. அதற்கு ஒரே ஒரு நாள் கரண்ட் பிடிக்கலாம் என்கிறார்கள். எலும்பைக் கெடுக்கிற சாமானை எலும்புக்கே கொடுப்பதா? இதைப் படித்த பிறகு வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறோம்.

---

கதிர்ப்படம் (வவுனியா)

வேண்டாம் என்று சொல்லாதீர்கள்! நான் எழுதியதை வைத்து ஒருவர் சிகிச்சையை நிறுத்தினால் எனக்கு அதைவிடக் கவலை இல்லை.

அது பெரும்பாலும் 8 கிரே, ஒரே தடவை. எலும்பைத் தின்றுகொண்டிருப்பது அந்தக் கட்டி. கட்டியை அடக்கினால் பலருக்கு நோ நன்றாகக் குறையும், கரைந்த இடத்தில் மாதக் கணக்கில் சுண்ணாம்பு திரும்பவும் படியும். ஆனால் உடனே பலம் வராது. தொடை எலும்பு என்பதால், முறியக் கூடிய நிலையா, முதலே கம்பி வைக்க வேண்டுமா என்று எலும்பு வைத்தியரிடமும் காட்டச் சொல்லுங்கள். கருப்பைக் கழுத்துக்கும் அப்படித்தான். கரண்ட் பிடிக்காமல் விட்டிருந்தால் இந்தத் தங்கச்சியின் அம்மா இன்றைக்குக் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்ற இருந்திருக்க மாட்டார்.

---

இரணைமடுக்காரி (கிளிநொச்சி)

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

அந்த நான்கு விஷயத்தையும் தாளில் எழுதிக் கொண்டுபோனேன். இந்த முறை பார்த்தவர் ஒரு இளம் பெண் டொக்டர். தாளை இரண்டு தரம் படித்துவிட்டு அன்றைக்கே சி.டி.க்கு எழுதித் தந்தார். திருவென்பின் இரண்டு பக்கமும் வெடிப்பு. படத்தில் எனக்கே காட்டினார், மண் சுவரில் கறையான் ஓடின கோடு மாதிரி இருந்தது. புற்றுநோய் தெரியவில்லை. மூன்று மாதத்தில் திரும்பவும் பார்ப்பார்கள்.

ஊசி குத்தித் துண்டு எடுத்துப் பார்க்கத் தேவையில்லையா என்று மாமா கேட்டார். கரண்ட் பட்ட எலும்பில் காரணமில்லாமல் கை வைத்தால் ஆறாது, படம் தெளிவாக இருக்கிறது என்றார் டொக்டர். கல்சியமும் விற்றமின் டியும் நோவுக்கு மருந்தும் தந்தார். முதல் கொஞ்ச நாள் ஓய்வு, ஆனால் படுத்தே கிடக்கக் கூடாதாம், கிடந்தால் மற்ற எலும்பும் தேயும். பாரம் தூக்கக் கூடாது. உருவக் கூடவே கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிகிச்சை முடிந்த நாளிலிருந்து அம்மா தன் கோப்பையையும் பாயையும் தனியாக வைத்திருந்தார். பேரனை மடியில் எடுப்பதில்லை. நாங்கள் அது கூச்சம் என்று நினைத்தோம். கொக்கிளாய்த் தம்பிக்குக் கதிர்ப்படம் அண்ணை எழுதிய விளக்கு வெளிச்சக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப என்னட்டை இருந்து பிள்ளைக்குக் கதிர் போகாதோ?" என்று கேட்டார். மூன்று வருடமாக அதுதான் பயம்.

இப்போது ஒரு சின்ன உதவி. டொக்டர் நடக்கும்போது பிடிக்க ஏதாவது வேண்டும் என்றார். பொல்லு போதுமா? எவ்வளவு உயரம்?

---

ரொறன்ரோ தாதி

நல்ல செய்தி தங்கச்சி! ஒரு பக்க நோவுக்குப் பொல்லு போதும், நோ இல்லாத பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் வெடிப்பு என்பதால் நான்கு கால் நடைச் சட்டம்தான் நல்லது. செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டு ரேகை இருக்கிற உயரத்தில் கைபிடி வர வேண்டும். பிடித்தால் முழங்கை கொஞ்சம் மடங்கி இருக்கும். கூனிப் பிடிக்கிற மாதிரி இருந்தால் உயரம் போதாது.

---

வெல்டிங் பாலன்

தங்கச்சி, வாங்க வேண்டாம், நான் செய்து தருகிறேன். அலுமினியக் குழாய் கடையில் கிடக்கிறது, பாரம் இருக்காது. அத்தையை அடுத்த கிழமை கரண்டுக்குக் கொண்டு போகிறோம், அதற்கு முதல் சனிக்கிழமை உங்கள் பக்கம் வருவேன். அம்மாவுக்குச் செருப்பு போட்டு வையுங்கள், மணிக்கட்டு அளவை எடுத்துக்கொண்டு போகிறேன். கிணற்றடியிலிருந்து குசினிக்கு வருகிற வழியில் மணலா, சீமெந்தா? மணல் என்றால் காலுக்கு அகலமான றப்பர் போட வேண்டும், இல்லாவிட்டால் புதையும்.

---

இரணைமடுக்காரி (கிளிநொச்சி)

மணல்தான் அண்ணை.